பதினேழாம் கட்டம்

தோற்றவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. எழுத்துத் தேர்வில் தோற்றவள், ஓடித் தோற்றவள், உயரத்தில் அரை சென்டிமீட்டர் குறைந்து தோற்றவள் என்று தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆறுதல் சொல்ல ஆள் உண்டு. 'அடுத்த முறை நிச்சயம்' என்று நோட்டீஸ் கொடுக்கப் பயிற்சி மையக்காரனும் உண்டு. யாராலும் பேசப்படாதவர்கள் வேறு சிலர். எழுதி வென்று, ஓடி வென்று, தாண்டி வென்று, நேர்முகத்தில் வென்று, மருத்துவரிடம் பல்லையும் கண்ணையும் காட்டி அதிலும் வென்று, கடைசியில் ஒரு படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் விழுந்தவர்கள். அவர்களை வென்றவர்களோடும் சேர்ப்பதில்லை, தோற்றவர்களோடும் சேர்ப்பதில்லை. அப்படி ஒருத்தியை நான் அறிவேன். அவளைப் பற்றி உனக்குச் சொல்லத்தான் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் சரிபார்ப்புக்கு வந்த எஸ்.ஐ. வாசலில் நின்றபடி இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போயிருப்பாள்.

உட்கார், மாரிச்செல்வி. நீ நிற்பதைப் பார்த்து எனக்குக் கால் வலிக்கிறது. அம்மா, டீயில் சீனி குறைவாகப் போடுங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைப்பது எனக்கு ஆகாது. உன் படிவம் இதோ, என் மடியில். சப்-இன்ஸ்பெக்டர் பணிக்குத் தேர்வாகியிருக்கிறாய். மாவட்டத்துப் பெண்களில் மூன்றாவது மதிப்பெண். பாராட்டுகிறேன். இப்போது பதினேழாம் கட்டத்துக்கு வா. 'தங்கள்மீது எப்போதேனும் குற்ற வழக்குப் பதிவு செய்யப்பட்டுள்ளதா?' அதற்கு நேராக நீ 'இல்லை' என்று எழுதியிருக்கிறாய். அழகான கையெழுத்து. எங்கள் நிலையத்துப் பதிவேட்டில் 'உண்டு' என்று இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன்னால், குடிதண்ணீர் கேட்டு உன் தெருப் பெண்கள் குடத்தோடு சாலையில் உட்கார்ந்தார்களே, அந்த மறியல். நாற்பத்திரண்டு பேர். முப்பத்தெட்டாவது பெயர் உன்னுடையது. வயது பத்தொன்பது, தகப்பன் பெயர், கதவிலக்கம், எல்லாம் சரியாக இருக்கிறது.

தெரியாது என்கிறாய். நம்புகிறேன். கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் அடைத்தார்கள். மத்தியானம் எலுமிச்சம்பழச் சோறு போட்டார்கள். சாயங்காலம் பெயரை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மண்டபத்தில் வைத்துச் சோறு போட்டால் அதற்குக் கைது என்று பெயர் என எவளுக்குத் தோன்றும்? விசேஷ வீட்டுக்குப் போய்வந்தவர்களைப் போலச் சிரித்துக்கொண்டுதான் திரும்பியிருப்பீர்கள். பெயரை எழுதியது மொய் நோட்டில் இல்லை. அதைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

அம்மா, அடுப்படி வாசலில் நின்று அழாதீர்கள். நீங்கள்தான் மகளைக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று பதிவேட்டிலேயே தெரிகிறது. முப்பத்தேழாவது பெயர் உங்களுடையது. அழுதால் அந்த எண் மாறப்போவதில்லை.

நான் சொல்ல வந்தவள் பெயர் முத்துப்பேச்சி. நாங்கள் இருவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. இருவரும் தமிழ் இலக்கியம். நான் மேடையில் பேசுவேன். அவள் மைதானத்தில் ஓடுவாள். நானூறு மீட்டரில் பல்கலைக்கழகப் பதக்கம் வாங்கியவள். அப்பா இல்லை. அம்மா இசக்கியம்மாள் பீடி சுற்றுகிறவள். முறம் மாதிரியான சுளகை மடியில் வைத்து, இலை வெட்டி, தூள் போட்டுச் சுருட்டி, நூல் கட்டிக்கொண்டே நம்மோடு பேசுவாள்; கை நிற்காது. மகள் உதவிக்குக் கை நீட்டினால் கத்தரிக்கோலின் பின்பக்கத்தால் விரலில் ஒன்று போடுவாள். "இந்தச் சுளகு எங்கூடப் போவட்டும். ஒன் மடியில ஏறப்படாது" என்பாள். நான் அந்த வாக்கியத்தை ஒரு பேச்சுப் போட்டியில் பயன்படுத்தி முதல் பரிசு வாங்கினேன். முத்துப்பேச்சி கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். எங்கள் நட்பு அப்படிப்பட்டது.

இரண்டாம் ஆண்டில் அந்தப் பேருந்துத் தகராறு. எங்கள் கல்லூரி ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு ஒரே ஒரு டவுன் பஸ். இலவசப் பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் நிற்கும் நிறுத்தம் என்றால் அந்த ஓட்டுநருக்குக் கண் தெரியாது. ஐம்பது கெஜம் தள்ளி நிறுத்துவார். நாங்கள் ஓடிப்போய்ச் சேரும்போது எடுத்துவிடுவார். முத்துப்பேச்சி மட்டும் ஏறிவிடுவாள், அவள் கால் அப்படி. ஏறியவள் எங்களைப் பார்த்ததும் இறங்கிவிடுவாள்.

அன்றைக்கு மழை. சாலையில் சேறு. பஸ் வேகத்தைக் குறைத்தது, நாங்கள் நெருங்கினோம், சட்டென்று எடுத்தார்கள். எங்கள் இருபது பேர் மீதும் சேறு. படியில் நின்ற கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "ஓசிப் பாசுக்கு ஏசி பஸ்சா வரும்? நடந்து போங்கம்மா, ஒடம்பு எளைக்கும்!" என்றான். அவன் சிரித்தது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. சாலையோரம் ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். ஒரு கல் பறந்தது. பின்பக்கக் கண்ணாடி முழுவதும் உதிர்ந்தது.

கல்லை எறிந்தது நான். ஏன் அப்படிப் பார்க்கிறாய்? என் கை அப்போதே நல்ல கை. பின்னால் உடற்திறன் தேர்வில் கிரிக்கெட் பந்தெறிதலில் முழு மதிப்பெண் வாங்கிய கை இதுதான்.

எல்லோரும் ஓடினோம். கல்லூரிச் சுவரைத் தாண்டி, வயற்காட்டைச் சுற்றி, நான் வீட்டுக்குப் போய்த்தான் நின்றேன். ஓடாதவள் ஒருத்திதான். மாவட்டத்திலேயே வேகமாக ஓடக்கூடியவள் நின்ற இடத்தில் நின்றாள், என் புத்தகப் பையையும் தன் பையையும் இரண்டு தோளில் மாட்டிக்கொண்டு. பின்னால் நான் கேட்டேன், "ஏட்டி, நீயாவது ஓடியிருக்கக் கூடாதா?" என்று. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நான் எறியலேல்லா. நான் எதுக்குட்டி ஓடணும்?"

இப்படிப்பட்ட அறிவை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது, சொல்.

போலீஸ் வருவதற்குள் என் பையை மட்டும் தேநீர்க் கடையில் கொடுத்துவிட்டிருக்கிறாள். அதில் என் அடையாள அட்டை இருந்தது. அந்தப் பையை எதற்கு ஒளித்தாள்? நான் ஒளிக்கச் சொல்லவில்லை. அதை நீ நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்: நான் எதுவும் சொல்லவில்லை.

வீட்டில் என் அப்பா கதவைத் தாழிட்டுவிட்டுக் கேட்டார். "இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க இருந்தே?" பஸ் நிறுத்தத்தில் என்றேன். "இல்ல. லைப்ரரியில இருந்தே" என்றார். அவர் வருவாய்த் துறையில் எழுத்தர். பதிவு என்றால் என்ன என்று தெரிந்தவர். முத்துப்பேச்சிக்கு அப்படிச் சொல்ல ஓர் அப்பா இல்லை. அது என் குற்றமா?

நிலையத்தில் அவளை யாரும் அடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். 'யார் எறிந்தது' என்று கேட்டிருக்கிறார். "பாக்கல சார்" என்றிருக்கிறாள். "நீ எறியலேன்னா யாரு எறிஞ்சான்னு சொல்லு, சொல்லலேன்னா நீதான்." அதற்கும் "பாக்கல சார்." அவர் தலையில் அடித்துக்கொண்டு, இசக்கியம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "பொம்பளப் புள்ளையாப் போச்சு. கண்ணாடி ஒடச்ச கேஸுன்னு எழுதுனா ஜெயிலுக்குப் போவணும். பொது எடத்துல ரகளை பண்ணுனான்னு சின்னதா ஒரு பெட்டி கேஸா எழுதுதேன். கோர்ட்டுல ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டிட்டுப் போயிரட்டும். அதோட முடிஞ்சது."

அதோடு முடிந்தது. ஊரில் எல்லோரும் அதையே சொன்னார்கள். கல்லூரி முதல்வர் சொன்னார். ஸ்டேஷன் வாசலில் மனு எழுதுகிறவர் சொன்னார். நானும் சொன்னேன். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், அது தண்டனை பெற்ற வழக்கு என்று ஏட்டில் ஏறும், அழியாது என்பது எங்களுக்குத் தெரியாது. பஸ் டிக்கெட் எடுப்பதைப் போல என்று நாங்கள் நினைத்திருந்தோம். டிக்கெட் எடுத்தோம், இறங்கினோம், கிழித்துப் போட்டோம்.

கோர்ட்டுக்கு அவளோடு நான்தான் போனேன். அதை எழுதிக்கொள். வகுப்பில் நாற்பது பேர் இருந்தார்கள். போனது நான் ஒருத்தி. வராண்டாவில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி செண்பகம், உள்ள போயி என்ன சொல்ல?"

"ஆமான்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. முடிஞ்சு போவும்."

"செய்யாததைச் செஞ்சேன்னா?"

"கட்டுரையா எழுதச் சொல்லுதாவ? ஒரு வார்த்தைட்டி."

நீதிபதி ஒரு பெண். அவர் இவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் செஞ்சீங்களாம்மா? இல்ல, யாராச்சும் ஒத்துக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டார். எவ்வளவு நல்ல கேள்வி! இத்தனை வருடப் பணியில் அப்படிக் கேட்கிற இன்னொருவரை நான் பார்க்கவில்லை. முத்துப்பேச்சி கூண்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன். "ஆமா, நான்தான்" என்றாள். அபராதத்தை நான் கட்டினேன், என் பேச்சுப் போட்டிப் பரிசுப் பணத்தில். 'பெண் விடுதலைக்குத் தேவை கல்வியா, துணிவா' என்பது தலைப்பு. துணிவே என்று பேசியிருந்தேன். இதையெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள். அவள் கீழே விழுந்ததை மட்டும் சொல்லுவார்கள்.

அம்மா, டீ நன்றாக இருக்கிறது. ஏலக்காய் போட்டிருக்கிறீர்கள். இதெல்லாம் எதற்கு?

முதுகலை முடித்ததும் எஸ்.ஐ. தேர்வுக்கு இருவரும் விண்ணப்பித்தோம். யோசனை அவளுடையது. காக்கியைப் பார்த்துப் பயப்படாமல் காக்கியைப் போட ஆசைப்பட்டவள் எங்கள் தெருவிலேயே அவள்தான். "அந்த இன்ஸ்பெக்டரு சேர்ல நான் உக்காந்திருந்தேன்னு வையி, 'நீ எறியலேன்னா யாரு எறிஞ்சா'ன்னு கேக்கமாட்டேன். மொதல்ல 'ஏன் பஸ்ஸு நிக்கல'ன்னு கேட்டிருப்பேன்" என்பாள். நான் சிரிப்பேன். பாடங்களை நான் சொல்லிக்கொடுத்தேன். ஓட அவள் சொல்லிக்கொடுத்தாள். விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் என் முன்னால் ஓடிக்கொண்டே வசைபாடுவாள். "வாட்டி மேடைப் பேச்சு! வாயாலயே ஓடிருவியோ? காலத் தூக்கு!" தேர்வு நாளில் அவள் பிரிவு முன்னதாக ஓடி முடித்துவிட்டது. என் முறை வந்தபோது தடுப்புக்கு வெளியே எனக்கு இணையாக ஓடி வந்தாள், அதே வசையைக் கத்திக்கொண்டு. ஒரு நொடியின் சில்லறையில் நான் தேறினேன். அவளில்லாவிட்டால் தேறியிருக்கமாட்டேன் என்று சில பேர் சொல்கிறார்கள். ஓடிய கால் என்னுடையது.

இருவர் பெயரும் பட்டியலில் வந்தது. இசக்கியம்மாள் தெரு முழுக்கச் சீனி கொடுத்தாள். மிட்டாய் வாங்க வசதி இல்லாததால் சீனியாகவே, கைநிறைய. பீடிக் கம்பெனி ஏஜெண்டிடம், "இன்னும் ஆறு மாசம். அதுக்குப் பொறவு ஒன் எலையும் தூளும் நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

அப்புறம் இந்தப் படிவம். இதே படிவம்தான்; தாள் மட்டும் அப்போது கொஞ்சம் மஞ்சள். என் வீட்டுக் கூடத்தில், ஃபேனுக்குக் கீழே, இருவரும் குப்புறப் படுத்துக்கொண்டு நிரப்பினோம். பேனா ஒன்றுதான் இருந்தது. நான் ஒரு கட்டம் எழுதுவேன். அவள் ஒரு கட்டம் எழுதுவாள். பதினேழில் பேனா அவள் கையில் நின்றுவிட்டது.

"ஏட்டி, இதுல என்ன எழுத?"

"இல்லைன்னு எழுது."

"பொய்யில்லா அது?"

"எதுட்டி பொய்? அபராதம் கட்டியாச்சு. முடிஞ்சுபோன கேஸு கேஸே கெடையாது."

"உள்ளதை எழுதிட்டா என்ன? கட்டுன ரசீதைக்கூட அம்மை டிரங்குப் பொட்டியில வச்சிருக்கா. படிக்கிற காலத்துல நடந்ததுன்னு சொன்னாப் புரிஞ்சிக்கிட மாட்டாவளா?"

"எழுதேன். எழுதுனா பழைய கேஸு கட்டைப் பிரிப்பாவ. 'அன்னைக்கு என்ன நடந்துச்சு, கூட யாரெல்லாம் நின்னா, நெசமாவே நீதான் எறிஞ்சியா'ன்னு ஒண்ணொண்ணாக் கேப்பாவ. நீ திருதிருன்னு முழிப்பே. தேவையா?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு 'இல்லை' என்று எழுதினாள். பேனாவை வாங்கி என் படிவத்தில் நானும் 'இல்லை' என்று எழுதினேன். அவள் நன்மையை எண்ணித்தான் சொன்னேன். பழைய கட்டைப் பிரித்தால் பலபேருக்குச் சங்கடம். இருபது பெண்கள் அன்று நிறுத்தத்தில் நின்றார்கள். நான் எல்லோரையும் நினைத்தேன்.

சரிபார்ப்புக்கு நிலையத்திலிருந்து சிகாமணி ஏட்டையா ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கும் வந்தார். எங்கள் வீட்டில் முறுக்கும் காப்பியும். அப்பாவோடு ஓய்வூதியம் பற்றிப் பேசிவிட்டு, 'நன்னடத்தை உடையவர், குற்றப் பின்னணி ஏதும் இல்லை' என்று எழுதினார். முத்துப்பேச்சி வீட்டில் பெட்டி கேஸ் பதிவேட்டின் நகலை வெளியே எடுத்தார். ஒரே பேனா, ஒரே சொல், ஒரே கட்டம். என் சொல் உண்மை என்று உறுதிசெய்யப்பட்டது. அவள் சொல் பொய் என்று உறுதிசெய்யப்பட்டது. சட்டத்தின் கூர்மையை அன்றுதான் முதன்முதலாக வியந்தேன்.

கடிதம் வந்தது. வழக்கை மறைத்த காரணத்தால் தேர்வு ரத்து. நான்கு வரி.

இசக்கியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசற்படிக்குக் கீழேயே நின்றாள். "தாயி, பெரிய ஆபீசரு முன்னால நீ ஒரு வார்த்தை வந்து சொன்னாப் போதும். அவ எறியலேன்னு. இல்லைன்னு எழுதச் சொன்னது நீதான்னு. எம்புள்ள அவுககிட்ட ஒன்னைச் சொல்லமாட்டேங்கா. நீயா வந்து சொன்னா..." என் அம்மா, "வெயில்ல வந்திருக்கீய, மோர் குடிங்க" என்றாள். என் பணி ஆணை வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. கிணற்றில் ஒருத்தி விழுந்தால் கயிறு போடலாம். கூடவே குதிப்பது மடத்தனம். நான் போய்ச் சொன்னால் அவள் வேலை திரும்பி வருமா? வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். என் வேலை போவது மட்டும் நிச்சயம். படித்தவள் நிச்சயத்தைத்தான் பார்க்கவேண்டும். இசக்கியம்மாள் மோரைக் குடிக்காமல் போனாள். எங்கள் வீட்டு மோரைக் குடிக்காமல் போனது அவள் ஒருத்திதான்.

பயிற்சிக்குக் கிளம்பிய அன்று பேருந்து நிலையத்துக்கு முத்துப்பேச்சி வந்திருந்தாள். நான் சொல்லி அனுப்பவில்லை, தானாக வந்தாள். என் டிரங்குப் பெட்டியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு மேலே ஏற்றினாள். "பெட்டி என்னட்டி இந்தக் கனம் கனக்கு? கல்லா வச்சிருக்கே?" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள் என்று இன்றுவரை நினைக்கிறேன். பஸ் எடுக்கும்போது ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். "உள்ளதை எழுதட்டான்னு ஒங்கிட்டதான கேட்டேன்" என்றாள். பஸ்சோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தாள். ஓடவில்லை.

அவள் உயர்நீதிமன்றம் வரைக்கும் போனாள். வழக்கறிஞர், "சின்ன அபராதம்தானே, உண்மையை எழுதியிருந்தால் போராடிப் பார்த்திருக்கலாம், மறைத்தது அல்லவா பெரிய குற்றமாகிவிட்டது" என்றாராம். மனு தள்ளுபடி. அன்று எங்களுக்கு அணிவகுப்பு ஒத்திகை. பயிற்சிக் காலத்தில் அவள் இரண்டுமுறை போன் செய்திருந்தாள். வார நாட்களில் எங்களுக்குக் கைப்பேசி அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவேண்டும், ஷூவுக்குப் பாலிஷ் போடவேண்டும். உனக்கு அந்த வாழ்க்கை தெரியாது.

மன்னித்துக்கொள். தெரிந்திருக்கவேண்டியது.

என்ன முணுமுணுக்கிறாய்? சத்தமாகச் சொல். 'நீங்களும் இல்லை என்றுதானே எழுதினீர்கள்' என்கிறாயா? ஆமாம், எழுதினேன். அந்தக் கட்டம் 'கல் எறிந்தாயா' என்று கேட்கவில்லை, மாரிச்செல்வி. 'வழக்கு உண்டா' என்று கேட்டது. என்மீது வழக்கு இல்லை. நான் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. எட்டு வருடப் பணியில் ஒரு மெமோ கிடையாது, போய் விசாரித்துக்கொள். கேள்வியை ஒழுங்காகப் படிக்கவேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை நேரம் இந்தக் கதையைச் சொன்னேன். நீ வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

இதோ பார், அறிக்கையில் கடைசியில் குறிப்புரைக்கு நான்கு வரி இடம் விட்டிருக்கிறார்கள். 'மறியலில் தாயுடன் கலந்துகொண்டவர். வழக்குப் பதிவானது இவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அறியாமல் எழுதியது' என்று அதில் எழுதலாம். நான்கு வரிக்குள் அடங்கும். எழுதினால் மேலே இருப்பவர்கள் யோசிக்கவும் கூடும். எழுதக் கூடாது என்று விதி இல்லை. நான் எழுதுவதில்லை. யாருக்கும் சலுகை காட்டாதவள் என்று எனக்கு இந்த உட்கோட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது. சிபாரிசு எழுதுகிற பெண் அதிகாரியைப் பற்றி என்னென்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியாது. 'இவளுக்கு ஏன் இத்தனை அக்கறை, இவள் பழைய கதை என்ன' என்று ஒருவன் கேட்டால் போதும். ஆகையால் அந்த நான்கு வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுவேன். கட்டத்தை வெறுமனே விட்டால் பின்னால் யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள்.

போட்டாயிற்று.

அம்மா, காலில் விழாதீர்கள். எழுந்திருங்கள். எனக்கு இது பிடிக்காது. நேரில் வந்து பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போகிறேனே, வேறு எந்த எஸ்.ஐ. இதைச் செய்வாள்? நாளைக்கு நான்கு வரிக் கடிதம் மட்டும் வந்தால் இந்தப் பெண் என்ன ஆவாள்? எனக்கும் மனசு இருக்கிறது.

இங்கே கையெழுத்துப் போடு, மாரிச்செல்வி. பெருக்கல் குறி வைத்த இடத்தில். இது ஒப்புதல் இல்லை. நான் வந்து விசாரித்தேன் என்பதற்கு. தேதியையும் போடு. நிதானமாகப் போடு. அடித்துத் திருத்தினால் வேறு தாள் எடுக்கவேண்டும்.

என்ன? அந்த அக்கா இப்போது எங்கே என்றா கேட்கிறாய்?

நான் பிறந்த ஊரிலேயே இருக்கிறாள். பொங்கலுக்குப் போகும்போது என் வண்டி அவள் வீட்டைத் தாண்டித்தான் போகும். அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. என் வண்டிச் சத்தம் அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். இசக்கியம்மாள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. முத்துப்பேச்சிக்கு முப்பத்திரண்டு வயது. அதற்குப் பிறகு அவள் எந்தத் தேர்வும் எழுதவில்லை. திருமணம் ஆகவில்லை. அம்மாவின் சுளகை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள்.